அன்னத்தாயைக் கதவளவு பெரிதாக்கப் போன கதை

"என் கை ஒண்ணும் நடுங்கல தாயி! நடுங்கியிருந்தா பின்னாடி இருக்குற கோபுரமும் சேந்துல்ல ஆடியிருக்கும்?"

இதைக் கேட்க வேண்டிய செல்வி இங்கே இல்லை. சிவகாசியில் காலண்டர் அடிக்கிற பிரஸ்ஸில், கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிறாள். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரி அன்னத்தாய்க்குக் கேமராவைக் கண்டாலே ஆகாது. பக்கத்தில் போனால் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள். அதனால் இருக்கன்குடியில் கோயில் கோபுரத்துக்கு முன்னால் அவள் நிற்க, பொழுது சாயும் நேரம், ஆற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, என் சின்னக் கேமராவில் ஜூம் போட்டு, அவளுக்குத் தெரியாமல் எடுத்தேன். படத்தில் சிரிக்கிறாள்.

பேரனைப் பார்க்கத் தூரத்து ஊரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனவள் இன்னும் திரும்பவில்லை. படத்தைக் கதவளவு அடித்துக் கட்டிலுக்கு எதிரே மாட்டலாம் என்று இன்று பிரஸ்ஸுக்குப் போனேன்.

செல்வி பெரிதாக்கினாள். முகம் ரவை ரவையாக உதிர்ந்தது.

"கை நடுங்கிருச்சா தாத்தா? கேமராவுல படம் விழுற சில்லு, அதான் சென்சாரு, அதுவும் சுண்டுவிரல் நகம் அம்புட்டுதான். நடுவுல கொஞ்சத்த மட்டும் புடிக்கிறதால தூரத்து ஆளு கிட்டத்துல தெரியும். ஆனா மங்கின வெளிச்சத்துல எடுத்துப் பெருசாக்குனா புள்ளி புள்ளியாப் போயிரும். பெரிய சென்சார்னா தெளிவா விழும்."

"அதையே வாங்கிருவோம்."

"அதுல அம்புட்டுத் தூரம் இழுக்கணும்னா லென்ஸே உங்க கை நீளம் வேணும்."

"அதத் தூக்கிட்டுப் போனா எங்கிழவி அடுத்த பஸ்ஸப் புடிச்சிருப்பாளே தாயி!"

சிரித்துவிட்டாள். "பெருசாவே அடிச்சுத் தாரேன். தள்ளி நின்னு பாருங்க, புள்ளி தெரியாது."

"இன்னும் எம்புட்டுத் தாயி தள்ளி நிக்க? அவளே அம்புட்டுத் தூரத்துல..."

மிஷினில் தாள் சிக்கிவிட்டது என்று யாரோ கூப்பிட, செல்வி எழுந்து போய்விட்டாள். கை நடுங்கவில்லை என்று அவளிடம் சொல்லாமலே வீடு வந்துவிட்டேன்.