நரி போகும் வழியில் ஒரு கட்டடம்

திண்டிவனத்தில் பொறியாளர் கோதண்டபாணியின் அலுவலகத்தில் ஜெசிந்தா பதினோரு வருஷமாகப் பிளான் வரைகிறாள். ஓமந்தூர்ப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கிய கூலியில்தான் பெற்றோர் அவளைப் பாலிடெக்னிக்கில் படிக்க வைத்தார்கள். அவள் வரைந்த கல்யாண மண்டபங்கள் வளவனூர் வரைக்கும் நிற்கின்றன.

போன வருஷம் வனத்துறை வேலை ஒன்று வந்தது. காட்டை ஒட்டி வனக்காவலர்களுக்கு அலுவலகம், தங்க இரண்டு அறை, முகப்பில் கண்ணாடி, சுற்றிலும் ஏழடிச் சுவர். மனையை அளக்கப் போனவளுக்கு மனசு உறுத்தியது. மேற்கே காடு, கிழக்கே ஏரி, நடுவில் இந்த மனை. சுவர் எழுந்தால் காட்டு உயிர்கள் தண்ணீருக்கு எந்த வழியாகப் போகும்?

சலித்த மணலை மனையின் குறுக்கே நீளப் பட்டையாகத் தூவிவிட்டு வந்தாள். மறுநாள் காலை மணல் நிறையக் கால்தடம். கூட வந்த காவலர் ஒவ்வொன்றாகப் பேர் சொன்னார்: நரி, முயல், கீரி, முள்ளம்பன்றி. ஆமைகூட ஒன்று போயிருந்தது.

ஒரு வாரம் உட்கார்ந்து புதுப் பிளான் போட்டாள். கட்டடத்தையே ஆறடித் தூண்கள்மேல் தூக்கி நிறுத்தினாள். வெட்டச் சொல்லியிருந்த ஒன்பது மரங்களையும் சுற்றிக் கட்டடத்தின் சுவரை வளைத்தாள். பறவைகள் மோதும் கண்ணாடியை எடுத்துவிட்டுச் இடைவெளி விட்டு அடுக்கிய செங்கல் ஜன்னல் வைத்தாள். காம்பவுண்டுச் சுவரே இல்லை.

கோதண்டபாணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இன்னாம்மா ஜெசிந்தா, அவங்க கேட்டது ஒண்ணு, நீ போட்டுக்கினு வந்தது ஒண்ணு. வேலையே கைய வுட்டுப் போயிடும்!"

"அவங்க கேட்டதையும் வரைஞ்சி வெச்சிருக்கேன், ரெண்டு பிளானையும் காட்டலாம் சார். வேணாம்னா பழசையே கட்டிக்கலாம்."

வனச்சரகர் இளவரசி இரண்டையும் மேஜையில் விரித்துப் பார்த்தார். "சுவர் இல்லைன்னா எங்க ஆளுங்களுக்கு என்னம்மா பாதுகாப்பு? அடியில பாம்பு வந்து அடையாதா?"

கோதண்டபாணி தொண்டையைக் கனைத்தார். ஜெசிந்தா எழுந்து நின்றாள்.

"ஆறடி உயரம் மேடம், நாலு பக்கமும் வெளிச்சம் விழும். இருட்டு மூலை இருந்தாத்தான் பாம்பு அடையும். படிக்கு மேல இரும்புக் கதவு இருக்கு, ஆளுங்களுக்குப் பயமில்ல. இந்தத் தடத்தப் பாருங்க. இதுங்க தெனம் போற வழி மேடம். நாமதான் நடுவுல வந்து நிக்கிறோம்." மணல் தடங்களின் படங்களை வரிசையாக எடுத்து வைத்தாள்.

இளவரசி வெகுநேரம் படங்களைப் பார்த்தார். பிறகு பழைய பிளானைச் சுருட்டிக் கோதண்டபாணியிடமே நீட்டினார். "இத நீங்களே வெச்சிக்குங்க சார். இந்தப் பொண்ணு போட்டதக் கட்டுங்க."

எட்டு மாதத்தில் கட்டடம் எழுந்தது. ஒரு மரம்கூட விழவில்லை. திறந்து மூன்றாவது வாரம், காலைக் கூட்டத்துக்கு ஜெசிந்தாவையும் கோதண்டபாணியையும் அழைத்திருந்தார்கள். மேலே எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலோரம் நின்ற காவலர் சட்டென்று கையைக் காட்டினார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். காட்டுப் பக்கமிருந்து ஒரு பெண் நரி வந்தது. பின்னாலேயே மூன்று குட்டிகள். தூண்களுக்கு நடுவே, அவர்கள் காலுக்கு நேர் கீழே, அவசரமில்லாமல் நடந்து ஏரிப் பக்கம் போய்விட்டன.

ஜெசிந்தாவுக்குக் கண்ணீர் முட்டியது, சிரிப்பும் வந்தது. கோதண்டபாணி கிசுகிசுத்தார்: "ஜெயிச்சிட்டம்மா நீ!"

இளவரசி டீ டம்ளரைக் கீழே வைத்தார். "இன்னும் ரெண்டு எடத்துல கட்டணும் ஜெசிந்தா. எப்ப அளக்க வர்றீங்க?"

"நாளைக்கே வர்றேன் மேடம்."