மேற்றிராணியாரை வெட்டாத வலன்ரைன்

பேசாலை வலன்ரைனுக்கு வள்ளம் இருந்தது, வலை இருந்தது, கருவாட்டுக்கு நல்ல பெயரும் இருந்தது. சதுரங்கம்தான் தெரியாது. கலியாணத்துக்கும் சதுரங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் அருளப்பரை அறியாதவர்கள். தலைமன்னாருக்கு வந்த வெள்ளைக்காரக் கப்டன் ஒருவன் கோயில் மூப்பரான அவருக்கு ஒரு காய்ப்பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனான். கூடவே அவனுடைய புத்தியும் தனக்கு வந்துவிட்டதாக மூப்பர் நம்பினார். தன்னை வெல்பவனுக்குத்தான் மகள் மதலேனாள் என்று சொல்லிவிட்டார்.

மதலேனாளுக்கோ வலன்ரைன்தான் வேண்டும். தகப்பன் மத்தியானம் குறட்டை விடும்போது, வேலிப் பொட்டுக்குள்ளால் ஒவ்வொரு காயாக நீட்டிப் படிப்பித்தாள்.

"இது கோட்டை. நேராத்தான் ஓடும்."

"மன்னார்க் கோட்டை ஒல்லாந்தன் வந்தும் வெள்ளைக்காரன் வந்தும் அசையேல்லை. இது ஓடுமோ?"

"ஓடும். வாயை மூடிக்கொண்டு கேளுங்கோ. இது குதிரை. ரெண்டு கட்டம் நேரா, ஒண்டு பக்கத்தால."

"எங்கட ஊர்க் கழுதையும் அப்பிடித்தான். இது ஆர்?"

"ராசா. ஒரு கட்டத்துக்கு மேல அரக்கமாட்டார். ஓடித்திரியிறதெல்லாம் ராணி."

"உன்ர ஐயாவும் அம்மாவும் மாதிரி. இந்தக் கூர்த்தொப்பி?"

"மேற்றிராணியார், சுவாமிமாருக்கெல்லாம் பெரியவர். கோணலா மட்டும் போவார்."

வலன்ரைன் அந்தக் காயை நெற்றியில் தொட்டுத் திருப்பிக் கொடுத்தான். "இவரைப் பற்றி நாளைக்கும் ஒரு பாடம் இருக்கு" என்றாள் மதலேனாள்.

ஞாயிறு பூசை முடிய, கோயில் முற்றத்தில் சனம் சூழ ஆட்டம். மூப்பர் எடுத்த எடுப்பிலேயே வலன்ரைனின் மேற்றிராணியார் இருவரையும் வெட்டிக் கதிரைக்குக் கீழே போட்டார். பிறகு கொஞ்சம் கவனம் பிசகினார். வலன்ரைனின் கோட்டைக்கு முன்னால் மூப்பருடைய மேற்றிராணியார் தனியே நின்றார். அவரை வெட்டினால் மூப்பரின் ராசா தப்ப வழியில்லை. வலன்ரைனின் கை போய்த் திரும்பி வந்தது.

"வெட்டன்ரா, என்ன பாக்கிறாய்?" என்றார் பக்கத்தில் நின்ற மீன்பிடி முதலாளி, சம்மாட்டி சிங்கராசா.

"எப்பிடியண்ணை? போன திருவிழாவிலதான் மேற்றிராணியாற்ற மோதிரத்தை முத்தி செய்தனான்."

சனம் மெல்லக் கதிரைக்குக் கீழே பார்த்தது.

"மூப்பர் ரெண்டு பேரை முடிச்சுப்போட்டார்" என்றார் சிங்கராசா.

"அது விளையாட்டப்பா" என்றார் மூப்பர்.

"அதைச் சுவாமியாரிட்டைச் சொல்லுங்கோ. அந்தா வாறார்."

அருளப்பர் குனிந்து இரண்டு பேரையும் பொறுக்கி, வேட்டியில் துடைத்து, பலகையில் நிமிர்த்தி வைத்தார். தன் ராசாவைத் தானே சரித்தார்.

"சுவாமி, மகளுக்கு மாப்பிள்ளை சரி. கடவுள் பயமுள்ள பொடியன்."

வலன்ரைனை வெல்ல வைத்தது பக்தியா, மதலேனாளின் பாடமா என்று அவர்கள் வீட்டில் கேட்டால், அவள் கோப்பி ஊற்றித் தருவாள். கோப்பி நல்லாயிருக்கும்.