இருநூறு கப்பும் என் பிரெஞ்சும்

பிளஸ் ஒன் சேர்க்கைப் படிவத்தோடு வரிசையில் நின்றபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இரண்டாம் மொழி என்ற கட்டத்தில் தமிழ், பிரெஞ்சு என்று போட்டிருந்தார்கள். பிரெஞ்சு எடுத்தால் மார்க்கை அள்ளலாம் என்பது விருத்தாசலத்தில் எல்லோருக்கும் தெரியும். பிரெஞ்சுதான் யாருக்கும் தெரியாது. டிக் அடித்துவிட்டேன். வேப்பூரைத் தாண்டி உலகமே எனக்காகக் காத்திருப்பதாக நினைப்பு.

வாரத்துக்கு இரண்டு நாள் புதுச்சேரியிலிருந்து ஒரு சார் பஸ்ஸில் வந்து, கேள்வியும் பதிலுமாகக் கரும்பலகையில் எழுதிப்போடுவார். உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொண்டு மனப்பாடம் செய்வோம். ஒன்பதாவது கேள்வி என்றால் ஒன்பதாவது பதில் வந்து விழும். அர்த்தத்தை நான் தொந்தரவு செய்ததே இல்லை. காலாண்டில் இருநூற்றுக்கு நூற்றித் தொண்ணூற்றாறு.

எங்கள் செராமிக் பட்டறையில் அப்பா அதுவரை மின்சாரப் பெட்டிக்கான பீங்கான் பியூஸ் கேரியர் மட்டும்தான் செய்துகொண்டிருந்தார். அந்த ஆர்டர் குறைந்துகொண்டே வந்ததால் கப்புக்கு மாறப் பார்த்தார். புதுச்சேரியில் கடை வைத்திருந்த ஒரு பிரெஞ்சுக்கார அம்மா மாதிரிக் கப்பைப் பார்க்க வந்தார். அமைந்தால் அதுதான் முதல் கப்பு ஆர்டர்.

அவர் இங்கிலீஷில்தான் ஆரம்பித்தார். பத்து வருஷ இங்கிலீஷ் மீடியம், நான் தாராளமாகப் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அப்பாவும் வேலையாட்களும் பார்த்துக்கொண்டிருந்தார்களே. முதல் பாடத்து வணக்கத்தைப் பிரெஞ்சில் எடுத்துவிட்டேன். அந்த அம்மா முகம் மலர்ந்து பிரெஞ்சிலேயே பொழியத் தொடங்கினார். திரும்ப இங்கிலீஷுக்கு இறங்கி வர எனக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

"கப்புக்குக் கைப்பிடி வேணுமா, வேணாமான்னு கேளும்மா," என்றார் அப்பா.

கைப்பிடி எந்தக் கேள்வியிலும் வந்ததில்லை. கப்பின் கைப்பிடியைத் தொட்டுக் காட்டி, வாயில் வந்த இரண்டு சொல்லைப் போட்டேன். அவர் நீளமாக ஏதோ சொல்லி, கேட்பதுபோல முடித்தார். ஆமாம் என்பதற்கு மட்டும் எனக்குச் சொல் தெரியும். சொன்னேன்.

"வேணுமாம்ப்பா."

"பாப்பா பாண்டிச்சேரியிலயே பொறந்தது மாதிரி இல்ல பேசுது," என்றார் மண் குழைக்கும் அக்கா. நான் மறுக்கவில்லை.

அந்த அம்மா ஆர்டர் கொடுத்துவிட்டுப் போன இருநூறு கப்புக்கும் ஒவ்வொன்றாகக் கைப்பிடி ஒட்டி, சூளையில் வைத்து எடுத்தார்கள். வந்து பார்த்த அந்த அம்மா ஒரு கப்பைக் கையில் வைத்துக்கொண்டு, மெதுவான இங்கிலீஷில் சொன்னார்: உள்ளங்கையில் பிடித்துக் குடிக்கிற கப்பு, கைப்பிடி வேண்டாம்தானே என்று கேட்டேன், நீ ஆமாம் என்றாய். மாற்றிச் செய்தால் கடிதம் போடச் சொல்லி, விலாசம் எழுதிக் கொடுத்துவிட்டு, கப்பை எடுத்துக்கொள்ளாமலே போனார். அவ்வளவையும் அப்பாவுக்கு நான்தான் மொழிபெயர்த்தேன். இந்த முறை ஒரு சொல்கூடத் தவறவில்லை.

அப்பா கப்புகளை வைக்கோலில் அடுக்கிக்கொண்டே கேட்டார். "அவங்க மொதல்ல இங்கிலீஷ்லதான பேசுனாங்க?"

ஆமாம் என்றேன். தமிழில்.

"லெட்டர நீயே போடு. ஒட்டறதுக்கு முன்னாடி என்னா எழுதியிருக்கன்னு எனக்குத் தமிழ்ல படிச்சிக் காட்டு."

அன்று மாலையே உட்கார்ந்தேன். மேலே இங்கிலீஷில், கைப்பிடி இல்லாமல் இருபது கப்பு செய்து அனுப்புகிறோம், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று எழுதி முடித்தேன். கீழே மன்னிப்புக்கு ஒரே ஒரு பிரெஞ்சு வரி, நானாக யோசித்து. அதற்கு மட்டும் இடம் விட்டு வைத்தேன். புதன்கிழமை சார் பஸ்ஸை விட்டு இறங்கியதும், வகுப்புக்குப் போகுமுன்பே அவரைப் பிடித்து அந்த வரியை எப்படி எழுதுவது என்று கேட்டுவிடுவதாக முடிவு.