ஊசி போடாத சேவல்

எங்கள் வீட்டுக் கோழிகளில் ஒன்றுக்கு மட்டும் ஊசி போடக்கூடாது என்று முடிவெடுத்தது அம்மா. அதை ஒளித்து வைத்தது நான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

மலேசியாவில், கிள்ளானில் ரயில் தண்டவாளத்தை ஒட்டிய ஒரு கம்பத்தில் இருந்தோம். சிற்றூரை அங்கே கம்பம் என்போம். பலகை வீடு, தகரக் கூரை. அப்பா துறைமுகத்துக்கு லோரி ஓட்டினார். வீட்டுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு கோழிகள் மேய்ந்தன. அவற்றோடு ஒரு செஞ்சேவலும் இருந்தது. அது எங்களுடையது இல்லை, முனியாண்டி சாமியுடையது. முந்தின வருடம் எனக்குக் காய்ச்சல் வந்து, வலிப்பும் கண்டு, ஆஸ்பத்திரியில் பல நாள் கண் திறக்காமல் கிடந்தேனாம். பிள்ளை எழுந்து நடந்தால் ஒரு சேவல் தருகிறேன் என்று அம்மா வேண்டிக்கொண்டார். நான் எழுந்து நடந்தேன். அம்மா ஒரு குஞ்சைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து நேர்ந்துவிட்டார். ஆடிப் பூசைக்கு அது கோயிலுக்குப் போகவேண்டும்.

சாமிக்கு விட்ட சேவலுக்கு ஊனம் இருக்கக்கூடாது. அண்ணன் ஒருநாள் அதன் வாலில் ஓர் இறகைப் பிடுங்கியதற்கு அம்மா துடைப்பத்தோடு அவனைத் தண்டவாளம் வரைக்கும் விரட்டினார். அடி வாங்கிய ஆத்திரத்தை அண்ணன் என்னிடம் தீர்த்துக்கொண்டான்.

“உன் உயிரு இப்ப அந்தச் சேவல்கிட்டதான் இருக்கு, தெரியும்ல? பூசைக்கு முன்னாடி அது செத்துச்சுன்னா காய்ச்சல் திரும்பி வந்துரும். நீயும் காலி.”

சொன்னதை அவன் சாயங்காலத்துக்குள் மறந்திருப்பான். என்னால் மறக்க முடியவில்லை. தினமும் காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் பின்பக்கம் போய் அது நிற்கிறதா என்று பார்ப்பேன். பிறகு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

பள்ளி விடுமுறையில் ஒருநாள் கால்நடை இலாகாவிலிருந்து ஒரு மலாய்க்காரர் மோட்டார்சைக்கிளில் வந்தார். பின்னால் ஐஸ் பெட்டி கட்டியிருந்தது. பக்கத்துக் கம்பங்களில் கோழிகள் சாகின்றன, ஊசி போட்டுவிட்டால் பயமில்லை, காசு எதுவும் வேண்டாம் என்றார். அம்மாவுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அவர் பெட்டியைத் திறப்பதற்குள் என்னை அடுப்படிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

“சாமி சேவலை எங்கயாவது மூடி வை. ஊசி குத்தினா ஊனம். அப்புறம் சாமி ஏத்துக்காது.”

ஆறு வாரத்தில் கழுத்தில் கத்தி விழப்போகிற சேவல் அது. அதற்கு ஓர் ஊசி பட்டுவிடக்கூடாது என்று நாங்கள் பதறினோம். அதில் இருந்த வேடிக்கை அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை. எனக்கோ அது பெரிய கருணையாகத் தோன்றியது. ஆஸ்பத்திரி ஊசி எப்படி இருக்கும் என்று எங்கள் வீட்டிலேயே எனக்குத்தான் தெரியும். சேவலைத் தூக்கிக்கொண்டு போய்க் குளியலறையில் துணிக்கூடையைக் கவிழ்த்து மூடினேன். மேலே ஈரத்துண்டைப் போட்டேன்.

மற்றக் கோழிகள் ஒவ்வொன்றாகக் கத்தின. எல்லாம் முடிந்து கையைத் துடைத்துக்கொண்டே அவர் சுற்றிலும் பார்த்தார். குளியலறைக் கதவில் சாய்ந்து நின்ற என்னிடம் வந்து குனிந்தார்.

“ஆடா லாகி?”

இன்னும் இருக்கிறதா என்று மலாயில் கேட்டார். தெரியாதவர் முன்னால் நிமிர்ந்து பார்க்காத பிள்ளை நான். வகுப்பில் டீச்சர் கேட்டாலே குரல் வராது. உள்ளே கூடை லேசாக அசைந்தது. நான் இல்லை என்று தலையாட்டினேன். அவர் சிரித்து, என் தலையைத் தட்டிவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போனார்.

மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. அதன் பிறகு எதிர் வீட்டு அத்தை பாசார் சந்தையிலிருந்து புதிதாகப் பத்துக் கோழிகள் வாங்கி வந்தார். சொந்த அத்தை இல்லை, கூப்பிடுகிற முறை. நாலாம் நாள் ஒன்று செத்தது. மறுநாள் மூன்று. வாரம் முடிவதற்குள் கூண்டு காலி. அத்தை எல்லோருக்கும் காட்டிக் காட்டி வாங்கிவந்தார், அதனால் கண் பட்டுவிட்டது என்றார் அம்மா. கம்பத்தில் பெரும்பாலோர் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள்.

அத்தை என்னைக் கூப்பிட்டு, கூண்டிலிருந்த, சோளம் பாதி கிடந்த தகரச் சட்டியை அப்படியே நீட்டினார்.

“கொண்டு போ கண்ணு. கோழியெல்லாம் போச்சு. இத வச்சிக்கிட்டு நானா கொத்தித் தின்னப் போறேன்?”

எங்கள் வீட்டில் கோழிக்குச் சோளம் போடுவது அபூர்வம். சட்டியை நேராகச் சேவலின் முன்னால் வைத்தேன். மற்றவை ஓடிவந்தன. ஒரு குச்சியை எடுத்து அவற்றை விரட்டினேன். சேவல் வயிறு நிறையத் தின்று முடிக்கும் வரைக்கும் காவல் நின்றேன். மிச்சத்தைத்தான் மற்றக் கோழிகள் தின்றன.

ஐந்தாறு நாள் கழித்து ஒரு காலையில் சேவல் கூவவில்லை. பூசைக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. பின்பக்கம் போய்ப் பார்த்தேன்.

கழுத்து முறுக்கிய துணி மாதிரி திரும்பியிருந்தது. அலகு வானத்தைப் பார்த்தது. அந்தத் தலையோடு அது நின்ற இடத்திலேயே வட்டம் வட்டமாகச் சுற்றியது. விழுந்து எழுந்து மறுபடியும் சுற்றியது. தரையெல்லாம் பச்சையாகக் கழிந்திருந்தது. கீழே கிடந்த ஒரு சோளத்தைக் கொத்தப் பார்த்தது. அலகு வேறெங்கோ போய் இடித்தது. அது என்னைப் பார்க்கிறதா, பார்க்கவில்லையா என்றுகூடத் தெரியவில்லை.

வாளியோடு வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“சாமியே கழுத்தைத் திருகிட்டாரு.”

என் பக்கம் திரும்பினார். “நீ எதுவும் செஞ்சியா?”

இல்லை என்று தலையாட்டினேன். மலாய்க்காரரிடம் ஆட்டிய அதே தலையாட்டல். ஆனால் அம்மா சொல்லித்தானே ஒளித்தேன்? அதைச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

மத்தியானம் அது செத்தது. அண்ணன் வேலியோரம் குழி தோண்டினான். பாதிக் குழியில் நிறுத்தி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

“நான் சும்மாதான் சொன்னேன்லா. காய்ச்சல் ஒண்ணும் வராது. தலையத் தொட்டுத் தொட்டுப் பாக்காத, எரிச்சலா இருக்கு.”

மீதிக் குழியை அவன் வேகமாகத் தோண்டி முடித்தான்.

அம்மா கோயிலுக்குப் போய்ப் பூசாரியிடம் அழுதார். “சாமி அவசரப்பட்டு முன்னாலயே எடுத்துக்கிட்டாரும்மா, வேண்டுதல் நிறைவேறிருச்சு, போங்க” என்று அவர் சொல்லி அனுப்பினார். அம்மாவுக்கு நிம்மதி. நான் மட்டும் பல மாதம் காய்ச்சலுக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. மலாயில் கேட்ட கேள்விக்குச் சொன்ன பொய்யை முனியாண்டி பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை போலும் என்று ஒருவழியாக மனதைத் தேற்றிக்கொண்டேன்.

இப்போது ஷா ஆலமில் இருக்கிறேன். ஒரு தொழிற்சாலையில் தையல் வேலை. போன வருடம் என் மகளின் பூனை செத்துப்போனது. அவள் அழுகையைப் பார்க்க முடியாமல் அடுத்த வாரமே வேறொரு குட்டி வாங்கிக் கொடுத்தேன். அதுவும் படுத்துவிட்டது. கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் சின்னப் பெண், நம் தமிழ்ப் பிள்ளைதான்.

“ஆன்டி, செத்துப்போன பூனை சாப்பிட்ட தட்டுலயா இதுக்கும் வச்சீங்க?”

“கழுவிட்டுத்தான்மா வச்சேன்.”

“சும்மா கழுவினா போகாது ஆன்டி. அந்தக் கிருமி தட்டுலயே இருக்கும். ஊசி போட்ட பூனைன்னா அதே தட்டுல தின்னாலும் உடம்பு தாங்கியிருக்கும். இதுக்குப் போடவே இல்லையே.”

எனக்கு அழுகை வந்தது. பூனைக்காக அழுகிறேன் என்று நினைத்து மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்தது நாற்பது வருடத்துக்கு முந்தைய ஒரு தகரச் சட்டியை. குச்சியோடு அதன் பக்கத்தில் காவல் நின்ற பிள்ளையை.

சேவல் செத்துக்கொண்டிருந்த அந்தக் காலையில், நாலடி தள்ளி மற்றக் கோழிகள் அதே சட்டியைக் கொத்திக்கொண்டிருந்தன. ஒன்றுக்கும் ஒரு தும்மல்கூட இல்லை. அவற்றைப் பார்க்கப் பார்க்க எனக்கு வெறுப்பு வந்தது. ஒரு கல்லை எடுத்து வீசினேன். சாமிக்குப் பிடித்தது என் சேவல் ஒன்றுதான், இவற்றை அவர் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார் என்று நினைத்தேன்.