கதாநாயகியின் சின்ன வயசு

என் அக்கா மகளை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். யாரென்று கேட்டால்தான் சொல்லத் தெரியாது. கதாநாயகனின் அண்ணியாக வந்து காப்பி கொடுத்துவிட்டுப் போயிருப்பாள். நர்ஸாக வந்து டாக்டர் கூப்பிடுகிறார் என்றிருப்பாள். பஸ்ஸில் அவளைப் பார்க்கிறவர்கள், எங்கேயோ பார்த்த முகமாயிருக்கிறதே என்று இறங்கும் இடத்தைக் கோட்டை விடுவார்கள். ஸ்டூடியோவில் மட்டும் அவளுக்கு நிலையான பெயர் ஒன்று உண்டு. சின்ன வயசு. முப்பதைத் தாண்டிய பிறகும் வாசலில் இருப்பவர், "சின்ன வயசு வந்தாச்சு, கதவத் தொற" என்றுதான் குரல் கொடுக்கிறார்.

அந்தப் பெயரை வாங்கித்தந்த வேலையை ஆரம்பித்துவைத்தவர் எங்கள் மாடியில் குடியிருந்த மேக்கப்காரர். படிக்கட்டில் உட்கார்ந்து பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்த ஐந்து வயதுக்காரியின் முகவாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "இது அதிசய முகம்மா. யார் பக்கத்துல நிறுத்தினாலும் அவங்க ஜாடை வரும்" என்றார். கதாநாயகிக்குச் சின்ன வயதில் ஒரு காட்சி, அதற்குக் குழந்தை வேண்டுமாம். அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரவு வேலை முடித்துப் பகலில் தூங்குகிறவள். எனக்கு அப்போது வேலை வெட்டி கிடையாது. ஆகவே குழந்தையைக் கூட்டிக்கொண்டு அலையும் உத்தியோகம் என் தலையில் விழுந்தது.

முதல் நாளே வம்பு. தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். இவள் ஓடிவந்து அந்தக் கோட்டில் நிற்க வேண்டும். கேமரா கால்களை மட்டும் பிடிக்கும். பிறகு அதே கோட்டிலிருந்து கதாநாயகி ஓடுவார். படத்தில் பார்க்கும்போது ஓடிக்கொண்டிருக்கும்போதே குழந்தை வளர்ந்துவிட்டதாகத் தெரியும். இவள் ஓடினாள், கோட்டைத் தாண்டினாள், விளக்குக்காரரைத் தாண்டினாள், சாப்பாட்டுக் கூடத்து வாசலில் போய்த்தான் நின்றாள். கேமராவுக்குப் பக்கத்தில் நின்ற உதவிக் கேமராக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

உதவி இயக்குநர் குனிந்து சமாதானமாகச் சொன்னார். "பாப்பா, இதுக்கு மேல அக்கா ஓடுவாங்க."

"ஏன், எனக்கு ஓடத் தெரியாதா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். பிறகு காதைத் திருகிக் கோட்டில் நிற்கவைத்தது நான்தான்.

அதற்கப்புறம் வரிசையாக வேலை வந்தது. எல்லாம் இதே கதைதான். மரத்துக்குப் பின்னால் போவாள், அந்தப் பக்கம் கதாநாயகி வருவார். தண்ணீரில் முங்குவாள், கதாநாயகி எழுந்திருப்பார். ஊஞ்சல் முன்னால் போகும்போது இவள், பின்னால் வரும்போது வேறொருத்தி. ஆனாலும் இவள் ஏனோதானோ என்று செய்யவில்லை. கதாநாயகி எந்தக் கையால் முடியை ஒதுக்குகிறார், கோபம் வந்தால் எந்தப் பக்கம் தலையைச் சாய்க்கிறார் என்று தூரத்திலிருந்தே பார்த்துவைத்துக்கொண்டு அப்படியே செய்வாள். யாரும் சொல்லித்தரவில்லை. திருத்த முடியாதது ஓட்டம் ஒன்றுதான். இடது பாதம் கொஞ்சம் உள்பக்கமாக விழும். கிளம்பும்போது இரண்டு குட்டி அடி வைத்து அப்புறம்தான் வேகம் எடுப்பாள். "காலை நேரா வைடி" என்று நான் கத்திய கத்தலில் என் தொண்டை போனதுதான் மிச்சம்.

எட்டு வயதில் அவளை முதல்முறையாகத் தியேட்டருக்குக் கூட்டிப்போனேன். திரையில் அவள் கதவைச் சாத்தினாள். கதவு திறந்தது, கதாநாயகி நின்றார். தியேட்டரே எழுந்து கைதட்டியது, விசில் பறந்தது. இவள் என் முழங்கையைப் பிடித்தாள்.

"சித்தி, நான் போனதுக்கா கைதட்டுறாங்க?"

பக்கத்தில் விசிலடித்துக்கொண்டிருந்தவனை ஓர் அறை விடலாமென்று இருந்தது. அவன் என்ன பாவம் செய்தான், காசு கொடுத்துப் படம் பார்க்க வந்தவன். வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி முன்னால் நின்று அவள் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "ஒரு படத்துலயாவது நானேதான் பெரிசாவேன்."

ஆனால் உடம்பு யார் சொல்லையும் கேட்பதில்லை. பதின்மூன்றில் கிடுகிடுவென்று வளர்ந்தாள், மூக்கு நீண்டது, கன்னம் வற்றியது, வேலையும் நின்றது. அக்கா நிம்மதியாகப் பெருமூச்சு விட்டு அவளைப் பள்ளிக்கூடத்தில் உட்காரவைத்தாள். படிப்பை முடித்த இவள் கண் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பில் வேலைக்குச் சேர்ந்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாமல் ஸ்டூடியோ ஸ்டூடியோவாக ஏறி இறங்கினாள். போன இடத்தில் எல்லாம் ஒரே பாட்டு. "உன்னைப் பாத்தா அந்தக் குழந்தைதாம்மா ஞாபகம் வருது." கதாநாயகி ஆவதற்கு இதைவிடப் பெரிய குறை கிடையாதாம். அக்கா அழுதாள், நான் திட்டினேன், இவள் மறுநாள் மதியம் மறுபடி கிளம்பினாள்.

அப்போதுதான் மேக்கப்காரர் மூச்சிரைக்க மாடியிலிருந்து இறங்கி வந்தார். இவள் ஒன்பது வயதில் நடித்த படம் ஒன்று பாதியில் நின்று கிடப்பில் கிடந்தது. தயாரிப்பாளருக்கும் கதாநாயகிக்கும் முட்டிக்கொண்டு இழுத்து மூடிய படம். எடுத்து முடித்திருந்தது சின்ன வயதுப் பகுதி மட்டும்தான். இப்போது வேறொருவர் அதை வாங்கி, அந்தப் பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு மீதியை எடுக்கப்போகிறாராம். அந்தக் குழந்தை வளர்ந்தால் எப்படி இருப்பாளோ அப்படி ஒரு புதுமுகத்தைத் தேடுகிறார்கள்.

"தேடுறாங்களா? இங்க உக்காந்து பருப்பு தின்னுட்டிருக்கா பாருங்க" என்றேன்.

மறுநாளே போனோம். புது இயக்குநர் இளைஞர், மரியாதைக்காரர். மேசைமேல் இவளுடைய ஒன்பது வயது போட்டோவைப் பெரிதாக்கி வைத்திருந்தார். அதை இவள் முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார், தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. அந்தக் குழந்தைக்கும் இவங்களுக்கும் ஜாடை வரல."

"அந்தக் குழந்தையே இவதான் சார்."

"தெரியும்மா. படம் பாக்குறவங்களுக்கு அது தெரியாதே."

அவர்கள் முடிவுசெய்து வைத்திருந்த பெண் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். உருண்டை முகம், அதே கன்னம், அதே கண். உண்மையைச் சொன்னால், என் அக்கா மகளைவிட அந்தப் பெண்தான் என் அக்கா மகள் மாதிரி இருந்தாள். கிளம்பலாமென்று நான் பையை எடுத்துக்கொண்டேன்.

இவள் மட்டும் அசையவில்லை. "அந்தப் படத்துல பஸ் பின்னாடி ஓடுற காட்சி இருக்கு சார். அதுலதான பெரியவளா ஆகணும்? ரெண்டு பேரையும் ஓடவிட்டுப் பாருங்க" என்றாள்.

அன்று குழந்தை ஓடிய அதே ஸ்டூடியோப் பின்பக்க மதில் ஓரமாக இருவரையும் ஓடவிட்டுக் கால்களைப் படமெடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து எடிட்டிங் அறையில் ஒட்டிப் போட்டுக் காட்டினார்கள். எடிட்டர் ஒரு நடுவயது அம்மாள். அதிகம் பேசமாட்டார், பேசினால் மறுபேச்சு இல்லை. குழந்தையின் கால்களுக்குப் பின்னால் அந்தப் பெண்ணின் கால்கள் வந்தபோது, வேறொரு படம் தவறி ஓடுவதுபோல் இருந்தது. அவள் அழகாக, நேராக ஓடினாள். அடுத்து இவளுடையதைப் போட்டார். அதே உள்பக்கம் விழும் இடது பாதம். எங்கே குழந்தை முடிந்தது, எங்கே இவள் ஆரம்பித்தாள் என்று எனக்கே பிடிபடவில்லை. நான் கத்திக் கத்தித் திருத்தப் பார்த்த கோணல் அது.

இயக்குநர் துள்ளி எழுந்தார். "பிரமாதம். அப்போ இப்படிப் பண்ணலாம். காலுக்கு நீங்க வாங்க. முகத்துக்கு அவங்க."

"சரி சார், வர்றேன்" என்றாள் இவள்.

பஸ்ஸில் நான் பொரிந்து தள்ளினேன். "அறிவிருக்காடி உனக்கு? அன்னிக்கு ஜாடைக்காக முகத்த எடுத்துக்கிட்டாங்க. இப்போ காலை எடுத்துக்கிட்டு முகத்த விடுறாங்க. அதுக்கும் தலையாட்டிட்டு வர்ற."

"ஓடத்தான கூப்பிடுறாங்க, ஓடுறேன்" என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தக் குரலை அவளுடைய எட்டு வயதில் கண்ணாடி முன்னால் கேட்டிருக்கிறேன், பயப்படத்தான் எனக்குத் தெரியவில்லை.

படப்பிடிப்பு நாளில் மதிலோரம் தண்டவாளம் போட்டு அதன்மேல் கேமரா வண்டியை வைத்திருந்தார்கள். கேமராவுக்குப் பின்னால் இருந்தவர் பழைய ஆள். முதல் நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த அந்த உதவிக் கேமராக்காரர், இப்போது நரைத்துப் பெரிய கேமராக்காரர் ஆகியிருந்தார். இவளைப் பார்த்ததும், "என்ன சின்ன வயசு, இன்னிக்காவது நிப்பியா?" என்றார். இவள் சிரித்தாள். தரையில் சுண்ணாம்புக் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம், இவள் போட்டிருந்த அதே மஞ்சள் உடுப்பில் அந்தப் பெண் தயாராக நின்றாள்.

இரண்டு குட்டி அடி. அப்புறம் வேகம். கேமரா வண்டி கூடவே உருண்டது. கோடு வந்தது. இவள் நிற்கவில்லை.

இயக்குநர் "கட், கட்" என்று கத்தினார். அந்தப் பெண் சட்டென்று ஒதுங்கி வழிவிட்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்தது கேமராவை. அது நிற்கவில்லை. பழைய ஆள் மெதுவாக, மிக மெதுவாகக் காலிலிருந்து முழங்காலுக்கு, முழங்காலிலிருந்து இடுப்புக்கு அதை உயர்த்திக்கொண்டே போனார். மதில் முடியும் இடத்தில் இவள் நின்று, இல்லாத பஸ் போன திசையைப் பார்த்தாள். மூச்சு வாங்கியது. முகம் முழுக்க வேர்வை.

இயக்குநர் சிவந்துபோய் வந்தார். "கோடு கண்ணுக்குத் தெரியலயா?"

"தெரிஞ்சுது சார். யார் யார் சின்ன வயசுக்கோ கோட்டுல நின்னிருக்கேன். இது என் சின்ன வயசு. இதுல நிக்க மாட்டேன்."

எல்லோரும் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த மஞ்சள் உடுப்புப் பெண் மட்டும் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து இவளிடம் நீட்டினாள்.

துரத்திவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். எடுத்ததைப் பார்த்துவிட்டு முடிவுசெய்யலாம் என்று கேமராக்காரர் பிடிவாதமாக நின்றார். எடிட்டிங் அறையில் அது ஓடியது. குழந்தையின் கால்கள், இவள் கால்கள், பிறகு எழும்பி எழும்பி இந்த நீண்ட மூக்கு, வற்றிய கன்னம். ஜாடை என்ற பேச்சு யார் வாயிலும் வரவில்லை.

இயக்குநர் கடைசியாக ஒருமுறை முயன்று பார்த்தார். "முகம் வர்றதுக்கு முன்னாடி வெட்டிட்டு அந்தப் பொண்ணப் போடலாமில்ல?"

எடிட்டர் அம்மாள் இயந்திரத்தைப் பின்னால் ஓட்டினார், முன்னால் ஓட்டினார், கத்தரிக்கோலை மேசையில் வைத்தார். "எங்கன்னு நீங்களே காட்டுங்க. எனக்கு வெட்ட எடம் கெடைக்கல" என்றார்.

அந்த உருண்டை முகப் பெண்ணின் ஜாடையும் வீணாகவில்லை. அவளைத் தங்கை வேடத்துக்குப் போட்டார்கள். இருவரும் இன்றுவரை சிநேகிதிகள்.

படம் ஏதோ ஓடியது. பெரிய பேர் ஒன்றும் வந்துவிடவில்லை. அதற்குப் பிறகு இவளுக்கு வந்ததெல்லாம் அண்ணியும் நர்ஸும்தான், அதை அவள் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் முதல் நாள் தியேட்டரில் நானும் அக்காவும் அவளுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம். மதில் வந்தது. குழந்தை ஓடினாள். கால்கள் மாறின, முகம் எழுந்தது. தியேட்டரில் ஒரு சத்தம் இல்லை. ஒரு விசில் இல்லை. எனக்கு முன்னால் இருந்தவர் பஸ் கிடைக்குமா கிடைக்காதா என்ற கவலையில் நாற்காலி நுனிக்கு வந்திருந்தார். இவ்வளவு பாடுபட்டு ஒருவர்கூட ஒரு தட்டுத் தட்டவில்லையே என்று ஆத்திரமாக வந்தது.

முழங்கையை யாரோ பிடித்தார்கள். திரும்பினேன். இருட்டில் அவள் கன்னமெல்லாம் ஈரம், வாயெல்லாம் சிரிப்பு.

"சித்தி, பாத்தியா? யாருமே கைதட்டல. நான் போகவே இல்ல."