குருவிக்கு வந்த மூன்று சொந்தக்காரர்கள்

போன ஐப்பசி மழையில், இலங்கை மலையகத்தில், திம்புள்ளப் பக்கம் எங்கள் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் ஒரு குருவி உட்கார்ந்திருந்தது. முதுகு பச்சை, இறக்கையில் நீலம், வயிற்றடியில் சிவப்பு. கிட்டப் போயும் பறக்கவில்லை. இவ்வளவு சாதுவாக இருந்தால் யாரோ வளர்த்ததுதான் என்று முடிவு கட்டினேன். எங்கள் பூனை வேறு சுற்றிச் சுற்றி வந்தது. கோழி அடைக்கும் கூடையால் மூடிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் கோயில் மைக்கில் சொன்னார்: "கலர் குருவி ஒண்ணு கெடச்சிருக்கு. சொந்தக்காரவுங்க வந்து வாங்கிட்டுப் போங்க."

தங்களுடையது என்று மூன்று பேர் வந்தார்கள்! மேல் லயத்து செல்வி அக்கா, "என் கையாலதாங்க சோறு திங்கும்" என்று சத்தியமே செய்தார். குருவி சோற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. வர வரச் சோர்ந்து கண்ணை மூடியது. செத்துவிடுமோ என்று பதறிக் கூடையைத் தூக்கினேன். தத்தித் தத்தி மிளகாய்ச் செடியடிக்குப் போய், சருகைப் புரட்டி, மண்புழுவை இழுத்து விழுங்கியது பாருங்கள்! கூண்டில் வளர்ந்ததற்கு அந்த வித்தை ஏது? செல்வி அக்காவும் மற்ற இரண்டு பேரும் மெல்ல நழுவிவிட்டார்கள்.

மகள் போனில் தேடினாள். இந்தியாவிலிருந்து வருஷா வருஷம் பறந்து வரும் ஆறுமணிக்குருவியாம். வந்த களைப்பில்தான் அப்படி உட்கார்ந்திருக்கிறது.

"அந்தக் காலத்துல தேயிலைக்கு வந்த நம்மாளுங்க மாதிரி கடல் தாண்டி வந்திருக்கு. அதுக்குப் போயி ஓனர் தேடினோமே!" என்று வீட்டுக்காரர் சிரித்தார். சாயந்திரமே தேயிலைக்குள்ளிருந்து அதன் விசில் கேட்டது.

இப்போது புதுக் குருவி வந்தால், யாராவது வளர்த்ததா என்று அறிய, காலில் வளையம் இருக்கிறதா என்று தள்ளி நின்றே பார்க்கிறேன். குருவி கிளம்பும்வரை கூடைக்குள் இருப்பது எங்கள் பூனைதான்.