குமாசிச் சந்தையின் ராணிகள்

இத்தாலியின் பலெர்மோ நகரத்துப் பல்லரோச் சந்தையில் வள்ளிக்கிழங்கு விற்கும் கானா நாட்டுப் பெண்ணொருத்தி, தன் ஊரான குமாசியின் பெருஞ்சந்தையைப் பற்றி தட்டுத்தடுமாறிய இத்தாலியத்தில் பேசிக்கொண்டிருக்கிறாள். அங்கே தக்காளிக்கு ஒரு ராணி, கிழங்குக்கு ஒரு ராணி. விற்கும் பெண்களே அவர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சந்தையின் சச்சரவுகள் அந்த ராணிகள் முன்னிலையில் தீர்கின்றன.

மாலையில் என் சொற்பொழிவைக் கேட்க வரவேண்டிய, இந்நகரில் குடியேறிய யாழ்ப்பாணத்துப் பெண்கள் அத்தனை பேரும் அவளைச் சூழ்ந்து நிற்கிறார்கள். மேடைதோறும் கைதட்டல் பெற்றுப் பழகிய எனக்கு வயிறு எரிகிறது.

"அக்கா, கூட்டத்துக்கு நேரமாகுது," என்கிறேன், என்னைப் பேச அழைத்த செல்வி அக்காவிடம்.

"பொறும் தம்பி, உம்மடை பேச்சு எங்கையும் ஓடாது. ராணி பிழை விட்டா ஆர் கேக்கிறதெண்டு அறிஞ்சிட்டு வாறன்."

கிழங்குக்காரி விடை சொல்லத் தொடங்குகிறாள். அது எதுவானாலும் மறுத்துரைக்கும் ஆயத்தத்தோடு நானும் ஓரடி முன்னே நகர்கிறேன்.